தவிட்டுக்கு வாங்கவில்லை: எடுத்து வளர்க்கப்பட்ட பாட்டியின் பிறந்த வீட்டைத் தேடும் வழி

‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று யாராவது ஒருவர் சொல்லி அழவைக்காத குழந்தை நம் ஊரில் இருக்காது. எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கேலி கிடையாது. விருந்தாளி யாராவது தெரியாமல் ஆரம்பித்தாலும் அப்பா பேச்சை மாற்றிவிடுவார். காரணம் தெரிய எனக்கு முப்பத்தெட்டு வயது ஆகவேண்டியிருந்தது. பாட்டி போய் நான்கு வருடம் கழித்து, அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, “எங்க அம்மாவைச் சிந்தாதிரிப்பேட்டைல எடுத்து வளர்த்தாங்கடா, பெத்தவங்க வேற” என்றார், ஏதோ இன்றைக்குப் பால் வரவில்லை என்று சொல்வதுபோல.

அதற்கப்புறம் மூன்று வருடம் அலைந்ததில் கற்றுக்கொண்டதை, இதே தேடலை இப்போது தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஏஜென்சி வழியாகச் சட்டப்படி தத்துப் போனவர்கள் தங்கள் வேரைத் தேட மத்திய அரசின் தத்தெடுப்பு விதிமுறைகளிலேயே ஒரு வழி உண்டு, அது வேறு கதை. நான் சொல்வது, எந்தக் காகிதமும் இல்லாமல் ‘நீயே வெச்சுக்கோ’ என்று கைமாறிய குழந்தைகளைப் பற்றி.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். பிச்சை, குப்பம்மாள், குப்புசாமி, தவிட்டுப்பிள்ளை என்றெல்லாம் பெயர் இருந்தால் உடனே ‘எங்கேயோ கிடைத்த குழந்தை போலிருக்கிறது’ என்று கிளம்பிவிடுகிறார்கள். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் போட்டு எடுப்பதும், பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவதும் ஒரு சடங்கு. கேலிப் பேச்சே அங்கிருந்து வந்ததுதான். அந்தப் பெயர்க்காரர்கள் பெரும்பாலும் பெற்றவர்களிடமே வளர்ந்தவர்கள்.

தத்துப் பத்திரத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்

எல்லோரும் செய்யும் முதல் தப்பு இது, நானும் செய்தேன். எட்டு மாதம் போயிற்று. இந்து தத்தெடுப்புச் சட்டம் வந்தது 1956-ல். அதற்கு முன் இருந்த இந்து சட்டப்படி ஆண் குழந்தையைத்தான் சுவீகாரம் எடுக்க முடியும், பெண் குழந்தையை முடியாது (தேவதாசி மரபில் இருந்த வழக்கம் விதிவிலக்கு). ஆக, 1933-ல் பிறந்த என் பாட்டிக்குத் தத்துப் பத்திரம் என்ற ஒன்று இருக்கவே வழியில்லை. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அப்போது தத்துச் சட்டமே கிடையாது, அதிகபட்சம் 1890-ம் வருடச் சட்டப்படி நீதிமன்றத்தில் கார்டியன் ஆகலாம், அதையும் வசதியுள்ளவர்கள்தான் செய்தார்கள்.

உங்கள் முன்னோர் ஆண் என்றால் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. சொத்துள்ள வீட்டில் வாரிசுக்காக எடுத்திருந்தால் சுவீகாரம் ஊரறிய நடந்திருக்கும். சென்னை மாகாணத்தில் விதவைகளும், கணவர் வீட்டுப் பங்காளிகள் சம்மதித்தால், சுவீகாரம் எடுக்கலாம் என்று 1868-லேயே ராமநாதபுரம் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் (அந்தக் காலத்தில் கடைசி அப்பீல் அங்கேதான்) சொல்லிவிட்டது, அதனால் அந்த மாதிரி சுவீகாரமும் அதன் பின்னாலேயே பங்காளிச் சண்டையும் நம் பக்கம் நிறைய. வழக்கு என்று ஒன்று நடந்திருந்தால் அதிர்ஷ்டம்தான், ‘இந்தப் பையன் யாருக்குப் பிறந்தவன்’ என்பதை இரண்டு தரப்பும் சாட்சி வைத்துப் பேசியிருப்பார்கள்.

உறவுமுறை இடறும் இடம்

காகிதத்தை விடுங்கள். நம்மிடம் அதைவிட நல்ல ஆவணம் ஒன்று இருக்கிறது, உறவுச் சொல். அம்மாவின் அண்ணன் தம்பி மாமா, அப்பாவின் அண்ணன் தம்பி பெரியப்பா, சித்தப்பா. இந்தக் கணக்கை நம் வீடுகளில் யாரும் அவ்வளவு லேசில் மாற்றிக் கூப்பிட மாட்டார்கள். வளர்க்கப்பட்ட குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயரை மாற்றிவிடலாம், பள்ளிக்கூடத்தில் மாற்றிவிடலாம், ஆனால் யாரோ ஒருவரை அந்தக் குழந்தை கூப்பிட்ட முறை மட்டும் பழையபடியே நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அத்தையிடம் ‘பாட்டியைப் பெற்றவர்கள் யார்’ என்று கேட்டால் தெரியாது என்பார். ‘பாட்டி வீட்டுக்கு யார் யார் வந்து போவார்கள், பாட்டி அவர்களை எப்படிக் கூப்பிடுவார்’ என்று கேட்டேன். மடமடவென்று கொட்டினார். அதில் ஒருவர் ‘வாலாஜாபாத் மாமா’. அவர் யார் என்று பார்த்தால், வளர்த்த கொள்ளுத்தாத்தாவுக்குச் சித்தப்பா மகன். அதாவது தம்பி முறை. அப்படியென்றால் பாட்டி அவரைச் சித்தப்பா என்றல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும்? மாமா என்று கூப்பிட்டால், பாட்டியைப் பெற்றவள் அவருக்கு அக்கா தங்கை முறை ஆகவேண்டும். அவருக்கு அக்கா தங்கை என்றால் கொள்ளுத்தாத்தாவுக்கும் அக்கா தங்கைதான். தன் சகோதரி பெற்ற பெண்ணைத்தான் அவர் மகளாக வளர்த்திருக்கிறார்! கேள்விப்பட்ட மற்ற வீடுகளிலும் பெரும்பாலும் இப்படித்தான், குழந்தை ரொம்ப தூரம் போயிருக்காது, ஒன்றுவிட்ட உறவுக்குள்ளேயே இருக்கும். அதனால் அனாதை விடுதி, ஆஸ்பத்திரி என்று ஓடுவதற்கு முன் சொந்தக்காரர் வீடுகளைப் பாருங்கள்.

ஆனால் ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. சென்னையில் தெருவில் போகிறவரும் மாமாதான். அக்கா மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொண்ட குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு முறையிலும் வருவார். அதனால் இன்னொரு சாட்சி வேண்டும்.

மொய் நோட்டு

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது. பரணில் பழைய மொய் நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ‘யாருக்குத் திருப்பி எவ்வளவு செய்யவேண்டும்’ என்ற கணக்கு என்பதால், ஜாதகம் தொலைந்த வீட்டில்கூட இதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். பெயர், ஊர், தொகை, சில நோட்டில் தகப்பனார் பெயரும் இருக்கும். எந்த அரசாங்கப் பதிவேடும் உங்கள் சொந்தபந்தத்தை ஊர் வாரியாக இவ்வளவு சுத்தமாக எழுதி வைக்கவில்லை.

பாட்டியின் கல்யாணம் 1951-ல். நோட்டு அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருந்தது, நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு, மேலே மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், எட்டணா என்றுதான் வரிசை போகிறது. கொள்ளுப்பாட்டியின் கூடப்பிறந்த தம்பிகள் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு ரூபாய். ஆனால் முதல் பக்கத்தில், வரிசைக்கு மேலே, தனியாகக் கோடு போட்டு: ‘வாலாஜாபாத், மாமன் சீர், ரூ. 25, புடவை 1, குத்துவிளக்கு ஜோடி 1’. பெண்ணுக்கு அம்மா என்று மணையருகே நின்றவரின் சொந்தத் தம்பிகள் பந்தலில் இருக்கும்போதே மாமன் சீர் வேறொருவர் செய்திருக்கிறார். உண்மையான தாய்மாமன் அப்பா ஸ்தானத்தில் உட்கார்ந்துவிட்டதால், மாமன் ஸ்தானத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி வந்திருக்கிறார். ஊருக்கே தெரிந்த விஷயம், வாயால்தான் யாரும் சொல்லவில்லை.

இதே கண்ணோடு மற்ற சடங்குகளையும் விசாரியுங்கள். காதுகுத்து யார் மடியில் நடந்தது, முதல் மொட்டை எந்தக் கோயிலில், மஞ்சள் நீராட்டுக்கு யார் பச்சை ஓலை கட்டினார்கள், எந்த ஊர்ச் சாவுக்குப் போய்வந்து பாட்டி வழக்கத்துக்கு மாறாக அத்தனை நாள் தீட்டுக் காத்தார். குலதெய்வம் இரண்டு கும்பிடும் குடும்பம் என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கல்யாண ஆல்பத்தை அத்தை சித்திகளோடு உட்கார்ந்து பார்ப்பது உத்தமம், கேள்வி கேட்டால் வராத பதில் போட்டோவைப் பார்த்தால் தானாக வரும். பேசுவதை போனில் பதிவு செய்யுங்கள், அனுமதி கேட்டுவிட்டு.

ஜாதகம் கிடைத்தால் அதில் உள்ள வருடப் பெயரைப் பாருங்கள். அறுபது வருடச் சுழற்சி என்பதால் ‘தாது வருஷம்’ என்றால் 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். பாட்டிக்கு ஸ்ரீமுக வருடம் ஐப்பசி, அதாவது 1933 அக்டோபர் நவம்பர். பள்ளிக்கூடச் சான்றிதழில் 1-7-1935. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டரே உத்தேசமாக ஒரு தேதி போட்டுவிடுவது சகஜம், அதனால் சான்றிதழ் தேதியை வைத்துக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினால் கிடைக்காது. ஜாதகத் தேதிதான் நம்பகமானது, நட்சத்திரம் தப்பானால் கல்யாணமே நடக்காது என்ற பயத்தில் எழுதியது அது.

பத்திரங்கள்

வளர்த்த பிள்ளைக்குச் சட்டப்படி சொத்து வராது என்று வளர்த்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனாலேயே உயில் எழுதுவார்கள், செட்டில்மென்ட் எழுதுவார்கள். தத்து இல்லை என்பதே ஒரு பத்திரத்தை உண்டாக்குகிறது பாருங்கள். அதில் ‘என் அபிமான புத்திரி’ என்றோ ‘சிறு வயது முதல் என்னால் வளர்க்கப்பட்டு வரும்’ என்றோ ஒரு வரி இருக்கும், சில சமயம் இன்னாருக்குப் பிறந்த என்று பெற்றவர் பெயரே இருக்கும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் வில்லங்கம் மட்டும் போட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று வந்துவிடாதீர்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ம் புத்தகம், வில்லங்கத்தில் வருவது அதுதான். உயில்களும் தத்தெடுக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரங்களும் 3-ம் புத்தகம். மற்றதெல்லாம் 4-ம் புத்தகம். 3-ம் புத்தகத்தில் உள்ள உயிலுக்கு, எழுதியவர் இறந்துவிட்டால் யார் மனுப்போட்டாலும் நகல் கொடுக்கலாம். 4-ம் புத்தகத்துக்கு அப்படி இல்லை, எழுதியவரோ அதில் உரிமை கோருகிறவரோ அவர்களின் பிரதிநிதியோ ஆகவேண்டும், வாரிசுச் சான்றோடு போங்கள். சொத்து இப்போது எந்த சார்பதிவகத்தில் இருக்கிறது என்பதைவிட அந்த வருடத்தில் எதில் இருந்தது என்பது முக்கியம், எல்லைகளைப் பல தடவை மாற்றியிருக்கிறார்கள்.

பிறப்பைத் தேடாதீர்கள், இறப்பைத் தேடுங்கள்

பழைய பிறப்புப் பதிவேடுகளில் பெரும்பாலும் குழந்தையின் பெயரே இருக்காது. தேதி, ஆண் அல்லது பெண், பெற்றோர் பெயர், விலாசம், அவ்வளவுதான். பெற்றோர் பெயர் தெரியாமல்தானே நாம் தேடுகிறோம்? மாநகராட்சி இணையதளத்தில் தேடிப் பார்ப்பதில் தப்பில்லை, பழைய வருடம் கிடைக்காவிட்டால் கையால் எழுதிய பதிவேட்டைத்தான் பார்க்கவேண்டும், அதற்குத் தேதியும் தெருவும் சொல்லத் தெரிய வேண்டும்.

பெரியவர்கள் சொல்லும் வார்த்தையைக் கவனியுங்கள். ‘பெத்தவ தங்கல’ என்று அத்தை ஒரு தடவை சொன்னார். பிரசவத்தில் தாய் போயிருந்தால் குழந்தை பிறந்த தேதியிலிருந்து நாற்பது நாளுக்குள் இறப்புப் பதிவு இருக்கும், இறந்தவர் பெரியவர் என்பதால் அதில் பெயர் இருக்கும், கணவர் அல்லது தகப்பனார் பெயரும் இருக்கும். பெயரில்லாத குழந்தையைத் தேடுவதைவிடப் பெயருள்ள தாயைத் தேடுவது சுலபம்.

பிறந்தது கிராமம் என்றால் அந்தக் காலத்தில் அதை எழுதியவர் கிராம முன்சீப். 1980-ல் அந்தப் பழைய கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்து, பிறகு விஏஓ வந்தார். பதிவேடு எங்கே போயிற்று என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பதில் வரும். ஒரு அலுவலகத்தில் என்னை நான்கு தடவை நடக்கவைத்து, ஐந்தாவது தடவை ‘அந்த வருஷத்துப் புஸ்தகமே இங்க இல்லையே சார்’ என்றார்கள். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். அதனால் என் யோசனை: முதலில் பத்து ரூபாய் செலவில் ஒரு தகவல் உரிமை மனு. ஆளைப் பற்றிக் கேட்காதீர்கள், அந்தரங்கம் என்று மறுத்துவிடுவார்கள். ‘1930 முதல் 1935 வரையிலான பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளன’ என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வரவேண்டும், அந்தக் காகிதத்தோடு போனால் மரியாதையே வேறு.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1909-ல் தொடங்கிய அந்தச் சிவப்புக் கட்டடம் அழகானதுதான், ஆனால் அரசாணைகளிலும் வருவாய்க் கணக்குகளிலும் உங்கள் பாட்டி இருக்கமாட்டார். குடும்பம் இனாம் நிலம் வைத்திருந்தாலோ வழக்குப் போட்டிருந்தாலோ போங்கள், இல்லையென்றால் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பமென்றால் உங்களுக்குக் கொடுப்பினை. கத்தோலிக்கத் திருமணப் பதிவேட்டில் மணமக்கள் எங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று இருக்கும், அங்கே போனால் பெற்றோர் பெயரும் ஞானத்தாய், ஞானத்தந்தை பெயரும். ஞானத்தாயே பிறகு வளர்த்த தாய் ஆனதும் உண்டு. சென்னையில் ஒரு சிக்கல், மயிலாப்பூர் மறைமாவட்டமும் சென்னை மறைமாவட்டமும் 1952-ல்தான் ஒன்றாயின, அதற்கு முன் போர்ச்சுகீசியர் வழிக் கோயில் ஒன்று, ரோமுக்கு நேரடியான கோயில் இன்னொன்று என்று ஒரே பகுதியில் இரண்டு இருக்கும், இரண்டிலும் கேளுங்கள். சிஎஸ்ஐ என்றால் அது பிறந்ததே 1947-ல், அதற்கு முந்தைய பதிவு எந்த மிஷனுடையது என்று பார்க்கவேண்டும். முஸ்லிம் குடும்பங்களில் வளர்ப்புப் பிள்ளைக்குத் தகப்பன் பெயரை மாற்றக்கூடாது என்பது மார்க்கம், அதனால் நிக்காஹ் பதிவேட்டில் ‘பின்த்’ (இன்னாரின் மகள்) என்பதற்குப் பின்னால் வரும் பெயரையும், வலீயாக, அதாவது பெண்ணின் பொறுப்பாளராக, யார் நின்றார் என்பதையும் பாருங்கள்.

உறவுக்குள் எங்குமே தடம் இல்லையென்றால்தான் விடுதி, ஆஸ்பத்திரி. கொள்ளுத்தாத்தா தலைமுறை என்றால் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மிஷன் விடுதிகளுக்கு வந்த குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள், 1942 என்றால் பர்மாவிலிருந்து நடந்து வந்த கூட்டத்தை. அடையாறு அவ்வை இல்லம் 1930-களின் தொடக்கத்தில் வந்தது, தி.நகர் பால மந்திர் 1949-ல். வருடம் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள்.

எச்சில் பரிசோதனை

டிஎன்ஏ பற்றிச் சுருக்கமாக. முதலில் மூத்தவரைச் சோதியுங்கள், உங்களை அல்ல. பாட்டியின் மரபணுவில் அத்தையிடம் பாதி இருக்கிறது, என்னிடம் ஏறக்குறைய கால்வாசி. பாட்டியின் தாய் வழித் தடம் அப்பாவிடமும் அத்தையிடமும் உண்டு, அப்பாவோடு அது நின்றுவிடும், எனக்கு வராது, அத்தை பிள்ளைகளுக்கு வரும்.

வரும் பொருத்தப் பட்டியலை வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய அளவுகோலால் அளக்காதீர்கள். நாம் தலைமுறை தலைமுறையாக மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டியவர்கள், நான்கு தலைமுறை தள்ளிய உறவும் இரண்டு தலைமுறை தள்ளியதுபோல் காட்டும். மொத்த சென்டிமார்கனைவிட (பொதுவாக இருக்கும் மரபணுத் துண்டுகளை அளக்கும் அளவு அது) மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள், சின்னச் சின்னத் துண்டாகக் கூட்டி வரும் மொத்தம் நம்மை ஏமாற்றும். அத்தைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மலேசியாவிலும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் இருக்கிறார்கள், அங்கேதான் சோதனை செய்துகொள்ள ஆளிருக்கிறது. இதுவரை எங்களுக்கு அதில் பெரிதாகப் பயனில்லை.

கதவைத் தட்டும்போது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சட்டப்படி தத்துப் போன பிள்ளைக்குப் பிறந்த வீட்டோடு உறவு அறுந்துவிடும். ஆனால் காகிதமில்லாமல் வளர்ந்த பிள்ளை சட்டத்தின் கண்ணில் இன்னமும் பிறந்த வீட்டுப் பிள்ளைதான். அதனால் நீங்கள் போய் ‘எங்க பாட்டி உங்க வீட்டுப் பொண்ணு’ என்று சொன்னதும் அவர்கள் காதில் விழுவது ‘பாகம் கொடு’ என்பதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தனியாகப் போகாதீர்கள், இரண்டு பக்கமும் தெரிந்த பெரியவர் ஒருவரை வைத்து முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லுங்கள். ஆதார், பத்திர நகல், ஃபைல் எதையும் கையில் எடுத்துப் போகாதீர்கள். போட்டோ போதும். வாலாஜாபாத்தில் கதவைத் திறந்தவர், அந்த மாமாவின் மகன், எண்பது வயதுக்கு மேல் இருக்கும், நின்றபடியே கேட்டார்: “நிலம் எல்லாம் அப்பவே வித்தாச்சே, இப்ப எதுக்கு வந்திருக்கீங்க?” நான் ஆல்பத்தை நீட்டினேன். பாட்டி மணமேடையில் உட்கார்ந்திருக்கும் படத்தில் ஓரமாகக் குத்துவிளக்கோடு நிற்பவரைப் பார்த்துவிட்டு, “அப்பா” என்றார். அப்புறம்தான் நாற்காலி வந்தது.

கல்யாணமாகாத பெண் பெற்ற குழந்தை, வேறு சாதியில் பிறந்த குழந்தை என்று உண்மை வேறு மாதிரி இருந்தால், உயிரோடு இருப்பவர்களுக்கு அதில் சம்பந்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். குடும்ப மரத்தைக் கணினியில் வரைகிறீர்கள் என்றால் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் பெற்றவர், வளர்த்தவர் இரண்டு பேரையும் ஒரே குழந்தைக்குத் தனித்தனியாகப் போட இடமுண்டு, யாரையும் அழிக்க வேண்டியதில்லை.

பாட்டியைப் பெற்றவரின் பெயர் வாலாஜாபாத்தில் கிடைத்தது. அவர் கணவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு ரங்கூன் போய்விட்டாராம், பெயர் தெரியும், ஊர் தெரியவில்லை. தெரிந்த இன்னொருவர் செங்கல்பட்டில் இருக்கிறாராம். அத்தைக்கு முழங்கால் வலி, பஸ் வேண்டாம் என்கிறார், ஞாயிற்றுக்கிழமை பீச் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் கூட்டிப் போகிறேன். மொய் நோட்டைத் தானே தூக்கி வருவாராம், என்னிடம் தரமாட்டாராம்.